பட்டன் போட முடியாத காலை

எனக்கு அப்போது 29 வயது. பெஞ்ச் பிரஸ்ஸில் 150 கிலோ போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறேன், மேல் பட்டனைப் போட முடியவில்லை. சட்டை இறுக்கமெல்லாம் இல்லை. விரல்கள்தான் மடங்க மறுத்தன. இரவெல்லாம் கணுக்களில் யாரோ பசை ஊற்றிவிட்டுப் போன மாதிரி இரண்டு கையும் விறைத்துக் கிடந்தன. மோதிர விரலை மடக்கினால் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். மறுகையால் பிடித்து நிமிர்த்த வேண்டும். பட்டனைப் பிடிப்பேன், துளை வரை கொண்டுபோவேன், நழுவிவிடும். நாலைந்து தடவை முயன்றுவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன்.

"என்னண்ணா, 150 கிலோ தூக்குற, ஒரு பட்டன் போட முடியலையா?" என்று சிரித்துக்கொண்டே போட்டுவிட்டான். நானும் சிரித்து மழுப்பினேன். மதியத்துக்குள் விரல்கள் இளகிவிடும், சாயங்காலம் ஜிம்மில் பாரைப் பிடிக்கும்போது ஒன்றும் தெரியாது. அதனால் அதை ஒரு நோயாகவே நான் நினைக்கவில்லை.

தசை ஏற ஸ்டீராய்டு ஊசி போடுகிறேன் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏன் ஆரம்பித்தேன் என்பது பெரிய கதை இல்லை. ஆணழகன் போட்டியில் அடுத்தடுத்து இரண்டு முறை ஆறாவது இடம். அவ்வளவுதான்.

முதல் சைக்கிளில், அதாவது சில வாரங்கள் தொடர்ந்து ஊசி போடும் முதல் சுற்றில், வெறும் டெஸ்டோஸ்டிரோன், ஆண் ஹார்மோன். நாலாவது வாரம் மார்க்காம்பு அரிக்க ஆரம்பித்தது. ஜிம்மில் எங்களுக்கெல்லாம் வழிகாட்டியாக இருந்த சீனியரிடம் போய்ச் சொன்னேன். "கைனோ வரப்போகுதுடா, மார்ல சதை கட்டும், ஈஸ்ட்ரோஜன் ஏறுது. இதைப் போடு" என்று ஒரு மாத்திரை அட்டையை நீட்டினார். அனாஸ்ட்ரசோல். அரிப்பு நின்றது. முகத்திலிருந்த ஊதல் வற்றியது, வயிற்றுக் கோடுகள் தெரிந்தன. இவ்வளவு நல்லது செய்கிற மாத்திரையைக் கொஞ்சம் கூடப் போட்டால் இன்னும் நல்லதுதானே? நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஆணின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்தோ வருவதில்லை. டெஸ்டோஸ்டிரோனிலிருந்தே அரோமட்டேஸ் என்ற நொதி அதைச் செய்கிறது. கொழுப்பு, எலும்பு, மூளை என்று பல இடங்களில் அந்த நொதி இருக்கிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைக் கொட்டினால் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்து ஏறும். மார்பில் சதை கட்டுவது அதனால்தான். அனாஸ்ட்ரசோல் அந்த நொதியை அடைத்துவிடும். அது பாடிபில்டர்களுக்காக வந்த மருந்தே இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய்க்கானது. அதைச் சாப்பிடும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மூட்டு வலி சொல்கிறார்கள். காலையில் விரல் விறைப்பு, விரல் மாட்டிக்கொள்வது, மணிக்கட்டில் மரத்துப்போவது. ஸ்கேன் செய்து பார்த்தால் விரல் தசைநாண்களின் உறை நீர் கோத்துத் தடித்திருக்கும். என் பட்டன் கதையை அந்தப் பெண்களில் யாரிடம் சொல்லியிருந்தாலும் உடனே புரிந்திருக்கும். எனக்குத்தான் அவர்களும் நானும் ஒரே மாத்திரையைச் சாப்பிடுகிறோம் என்பது உறைக்கவில்லை.

ஈஸ்ட்ரோஜனுக்கு இருக்கும் 'பெண் ஹார்மோன்' என்ற பெயர் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பெயரைக் கேட்டாலே ஜிம்மில் எல்லோருக்கும் அதை ஒழித்துக்கட்டத் தோன்றும். 1994இல் ஒரு மருத்துவ இதழில் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றிய கட்டுரை வந்தது. அவர் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் நிறைய இருந்தது, ஆனால் அதை ஏற்கும் ஏற்பி பிறவியிலேயே பழுது. டெஸ்டோஸ்டிரோனுக்குக் குறைவில்லை. ஆள் 204 சென்டிமீட்டர் உயரம். அந்த வயதிலும் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடவில்லை, இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். எலும்போ வயதானவருடையது போல அடர்த்தி இழந்திருந்தது. அதாவது ஆணின் எலும்பை முற்றவைத்துக் கெட்டியாக வைத்திருப்பதில் பெரிய பங்கு ஈஸ்ட்ரோஜனுக்கு. குருத்தெலும்பிலும் மூட்டின் உள் சவ்விலும்கூட அதற்கான ஏற்பிகள் இருக்கின்றன. நான் எதிரி என்று நினைத்து வெளியே துரத்தியது என் மூட்டுகளின் காவல்காரனை.

இதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. 16, 17 வயதுப் பையன்கள் ஊசி போட்டால் அந்த 204 சென்டிமீட்டர்காரருக்கு நேர்மாறாக நடக்கும். டெஸ்டோஸ்டிரோன் ஈஸ்ட்ரோஜனாகி வளர்ச்சித் தட்டுகளை முன்கூட்டியே மூடிவிடும். அகலமாகலாம், ஆனால் வளர வேண்டிய உயரம் அதோடு நின்றுவிடும்.

சரி, விரல்களுக்கு வருவோம். வலி மணிக்கட்டுக்கும் முழங்காலுக்கும் பரவிய பிறகுதான் டாக்டரிடம் போனேன். முதலில் பார்த்தவர் முடக்குவாதமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். ஒன்றும் இல்லை என்று வந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. "ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார், இல்லை என்றேன். இரண்டாவதாகப் பார்த்தது வயதான ஒரு பெண் மருத்துவர். அவரும் அதையே கேட்டார். "வைட்டமினும் புரோட்டீன் பவுடரும்தான் டாக்டர்" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வைட்டமின்ல வந்த கை இல்ல தம்பி இது. நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லப்போறதில்ல. எந்த ரத்தப் பரிசோதனை எழுதணும்னு எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

சொன்னேன். எல்லாவற்றையும்.

அந்த அறிக்கைத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன், இயந்திரம் அளக்கும் உச்சத்தைத் தாண்டி, '1500க்கு மேல்'. எஸ்ட்ரடயால், அதாவது ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை, அளக்கும் அடிமட்டத்துக்கும் கீழே. விரைகளை வேலை வாங்கும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்கள் இரண்டும் 0.1க்கும் குறைவு. முதல் எண்ணைப் பார்த்து உள்ளூரப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. டாக்டர் கடைசி இரண்டு எண்களைத்தான் வட்டமிட்டார்.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சிறு சொட்டு ஹார்மோனை விடுகிறது. அது கிடைத்ததும் பிட்யூட்டரி சுரப்பி, எல்எச்சையும் எஃப்எஸ்எச்சையும் அனுப்பும். எல்எச் போய் விரைகளைத் தட்டினால் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். எஃப்எஸ்எச் விந்தணுக்களைக் கவனித்துக்கொள்ளும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருந்தால் மேலே உள்ள இருவரும் அடங்கிக்கொள்வார்கள். தொட்டி நிரம்பி வழியும்போது மோட்டாரை யார் போடுவார்கள்? எனக்குத் தொட்டி இரண்டு வருடமாக வழிந்துகொண்டிருந்தது. மோட்டார் அத்தனை நாளும் சும்மா கிடந்தது. இதில் ஒரு முரண் உண்டு. விந்தணு உண்டாக விரைக்குள்ளேயே டெஸ்டோஸ்டிரோன், ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும். எல்எச் நின்றால் அந்த உள் இருப்பு வற்றிவிடும், ரத்தத்தில் 1500 ஓடினாலும் சரி. ஆண்மையின் உச்சத்தில் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் என் விந்தணு எண்ணிக்கை பூஜ்யம்.

டாக்டர் எல்லாவற்றையும் ஒழுங்காக, கண்காணிப்போடு நிறுத்தச் சொன்னார். நான் அனாஸ்ட்ரசோலை மட்டும் நிறுத்தினேன். சில வாரங்களில் விரல்கள் சரியாகின. பட்டன் போட முடிந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று முடிவுகட்டி அவரிடம் திரும்பப் போகவே இல்லை.

மூட்டு வலி பற்றிப் பேச்சு எழுந்தால் ஜிம்மில் உடனே ஒரு பெயர் வரும்: டெக்கா. அதாவது நான்ட்ரோலோன் டெக்கனோயேட், இன்னொரு ஸ்டீராய்டு ஊசி. "மூட்டுக்கு எண்ணெய் விட்ட மாதிரி இருக்கும்" என்பார்கள். நானும் போட்டேன், எண்ணெய் விட்ட மாதிரியேதான் இருந்தது. உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், வலி மங்கும். வலி மங்கியதை மூட்டு தேறியதாக எடுத்துக்கொண்டு பாரில் இன்னும் ஒரு தட்டு ஏற்றினேன். வலி என்பது மூட்டு நம்மோடு பேசுகிற ஒரே மொழி. அதன் வாயைக் கட்டிவிட்டு, பார், எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று மெச்சிக்கொண்டிருந்திருக்கிறேன். டெக்காவுக்கு இன்னொரு குணம், உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாது. கடைசி ஊசிக்குப் பல மாதங்கள் கழித்தும் சிறுநீரில் அதன் தடம் அகப்படும். சைக்கிள் முடிந்துவிட்டது என்று நாம் காலண்டரில் கோடு போடும்போது பிட்யூட்டரிக்கு அது முடிந்திருக்காது.

அதற்கு நேர் எதிர் வின்ஸ்ட்ரால், அதாவது ஸ்டனோசோலோல் என்ற ஸ்டீராய்டு. 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடிய பென் ஜான்சனின் தங்கத்தைப் பறித்தது இதுதான். போட்டிக்கு முன்னால் உடம்பை வற்றவைக்கும் வாரங்களில் பலரும் இதைத்தான் பிடிப்பார்கள். ஈஸ்ட்ரோஜனாக மாறாது, நீர் கோக்காது. மூட்டுகள் 'ட்ரை' ஆகிவிட்டன என்று புலம்புவதும் அந்த வாரங்களில்தான். அதை வின்ஸ்ட்ரால் மேல் மட்டும் போட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நேரத்தில் கொழுப்பே இல்லாத சாப்பாடு, தண்ணீர்க் கட்டுப்பாடு, கூடவே ஈஸ்ட்ரோஜனை அடக்கும் மாத்திரை. நாலு பேர் சேர்ந்து செய்த காரியத்தில் யார் கை எது என்று எப்படிப் பிரிப்பது?

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'ஸ்டீராய்டு எலும்பை அரிக்கும், இடுப்பு மூட்டைக் கெடுக்கும்' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது கார்டிசோன் வகையைப் பற்றி. ஆஸ்துமாவுக்கும் முடக்குவாதத்துக்கும் கொடுக்கிறார்களே, அது. நீண்ட காலம் எடுத்தால் எலும்பு மெலியும், தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் செத்துப்போவதும் உண்டு. ஜிம் ஸ்டீராய்டு வேறு வகை. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்ட பையன்கள் 'நம்முடையது நல்ல ஸ்டீராய்டு' என்று நிம்மதி அடைகிறார்கள். அதுவும் போதாமல் தோள் வலிக்குக் கார்டிசோன் ஊசி போட்டுக்கொண்டு அடுத்த வாரமே பெஞ்சில் படுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஊசி தசைநாணையே பலவீனமாக்கும். அதன்மேல் இரட்டிப்பான பாரம்.

தசைநாண்தான் இந்தக் கதையில் யாரும் கவனிக்காத ஆள். தசையை எலும்போடு கட்டுகிற கயிறு அது. ரத்த ஓட்டம் குறைவு, அதனால் எதற்கும் அவசரப்படாது. 1955 முதல் 1963 வரை வெளியில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரு மடங்கானது, பிறகு மெல்ல இறங்கியது. ஒரு திசுவில் எவ்வளவு கார்பன் 14 இருக்கிறது என்று பார்த்தால் அது எந்த ஆண்டில் உருவானது என்று சொல்லிவிடலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் குதிகால் தசைநாணை இப்படிச் சோதித்தார்கள். அதன் மையப் பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவாகி, அதற்குப் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. பதின்வயதில் திரித்த கயிறுதான் ஆயுசு முழுக்க.

தசையோ அவசரக்காரன். 1996இல் வெளியான ஓர் ஆய்வில் 43 ஆண்களை நாலு குழுவாகப் பிரித்து 10 வாரம் பார்த்தார்கள். மருந்தில்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை சுமார் 2 கிலோ ஏறியது. வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாதவர்களுக்கு 3 கிலோவுக்கு மேல். இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. சும்மா உட்கார்ந்திருந்தவன் வியர்வை சிந்தியவனைத் தாண்டிவிட்டான். பல ஆண்டுகளில் வர வேண்டிய பலம் பத்தே வாரத்தில் வருகிறது. அதற்குள் தசைநாண் எத்தனை இழை கூடியிருக்கும்? எலிகளுக்கு ஸ்டீராய்டும் பயிற்சியும் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் தசைநாண் விறைத்து, முன்புபோல நீளாமலே அறுந்தது.

என்னுடையது அறுந்தது 31 வயதில். டெட்லிஃப்ட், தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிரும் பயிற்சி. பார் 220 கிலோ. வலது உள்ளங்கை கீழ்நோக்கி, இடது உள்ளங்கை மேல்நோக்கிப் பிடித்திருந்தேன். கனமான பாரில் கை நழுவாமல் இருக்க எல்லோரும் பிடிக்கிற பிடிதான். மேல்நோக்கிய கையில் பைசெப்ஸின் கீழ்நுனி முழு நீளத்துக்கு இழுபட்டு நிற்கும். பார் முழங்காலைத் தாண்டியபோது இடது முழங்கைக்குள் ஒரு சத்தம். ஈரத் துணியைக் கிழிப்பது போல. பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்டிருக்கிறது. பாரைக் கீழே போட்டேன். ஆச்சரியம், பெரிய வலி இல்லை. கையைப் பார்த்தேன். பைசெப்ஸ் இருந்த இடத்தில் பள்ளம். சதை சுருட்டிவிட்ட பாய் மாதிரி தோளை நோக்கி ஏறிப்போயிருந்தது. இரவுக்குள் முழங்கை மடிப்பு முழுக்கக் கத்தரிப்பூ நிறம்.

முந்தைய ஆறு மாதம் யோசித்துப் பார்த்தால் அந்த முழங்கையில் ஒரு குத்தல் இருந்தது. டெக்கா ஆரம்பித்ததும் போய்விட்டது.

நான் தனி ஆள் இல்லை. 2015இல் வந்த ஓர் ஆய்வில் நெடுநாள் எடை தூக்கிய 142 ஆண்களைக் கேட்டிருக்கிறார்கள். அதில் ஸ்டீராய்டு எடுத்த 88 பேரில் 22 சதவீதத்தினருக்கு ஒரு தசைநாணாவது அறுந்திருந்தது. எடுக்காத 54 பேரில் 6 சதவீதம். எடுக்காதவர்களில் ஒருவருக்குக்கூட உடம்பின் மேல்பாதியில் அறுந்ததில்லை. உலகின் பெரிய ஆணழகன் பட்டமான மிஸ்டர் ஒலிம்பியாவை ஆறு முறை வென்ற டோரியன் யேட்ஸுக்கு 1994இல் இடது பைசெப்ஸ் கிழிந்தது, 1997இல் ட்ரைசெப்ஸ். இரண்டு ஆண்டும் அப்படியே மேடையேறி ஜெயித்தார், இரண்டாவதோடு போட்டி வாழ்க்கை முடிந்தது. தான் ஸ்டீராய்டு எடுத்ததை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஜிம்மில் இந்தக் கதையின் முதல் பாதியைத்தான் சொல்வார்கள், வீரக் கதையாக.

ஆபரேஷன் ஒன்பதாவது நாள் நடந்தது. தள்ளிப்போட்டால் தசை சுருங்கிப்போய் இழுத்துக் கட்டுவது கடினம் என்றார்கள். அறுந்த நுனியைப் பிடித்து முன்கை எலும்பில் மறுபடி பொருத்தினார்கள். கை மடங்குகிறது, எடை தூக்குகிறது. ஆனால் பைசெப்ஸின் பெரிய வேலை மடக்குவதல்ல, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது. அதில் பழைய பலம் வரவில்லை. இன்றைக்கும் இடது கையால் இறுகிய மூடி எதையும் திறக்கமாட்டேன்.

கை கட்டோடு இருந்ததால் ஊசியும் நின்றது. அந்த முதல் ஐந்து மாதத்தைப் பற்றி எழுதுவது எனக்கு இன்னும் சிரமம். சோகம் என்றுகூடச் சொல்ல முடியாது. எதிலும் ருசி இல்லை. படுக்கையை விட்டு எழ ஒரு காரணம் தேட வேண்டியிருந்தது. ஊசி நின்று, சொந்தச் சுரப்பு இன்னும் எழாத இடைவெளி அது. அதில் மனச்சோர்வு வருவது வழக்கம், சிலருக்கு உயிர் ஆபத்து வரை போகும். திரும்ப ஊசியைத் தேடிப் போகிறவர்களில் பலர் போவது தசைக்காக அல்ல, இந்த வெறுமை தாங்காமல்தான். மூட்டுகளும் அப்போதுதான் மொத்தமாகப் பேச ஆரம்பித்தன. இரண்டு முழங்கால், வலது தோள், கீழ் முதுகு. நாலு வருட வலியை யாரோ சேர்த்து வைத்திருந்து ஒரே நாளில் கொடுத்த மாதிரி.

அதே வயதான டாக்டரிடம் மறுபடி போய் உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, பழைய தாளை மட்டும் கேட்டார். எல்எச் 0.1லிருந்து முதலில் 0.8 ஆனது, பிறகு 1.9, பதினான்காவது மாதம் 3.4. துருப்பிடித்த மோட்டார் இருமி இருமிக் கிளம்பியது. எனக்குக் கிளம்பியது. பல ஆண்டு விடாமல் போட்ட சிலருக்கு முழுசாகத் திரும்புவதே இல்லை. இதயத் தசை தடிப்பது, நல்ல கொழுப்பு சரிவது, ரத்தம் கெட்டியாவது எல்லாம் தனிக் கதை; அதை இதயநோய் மருத்துவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

மூட்டுகளைத் தேற்றியது வெறும் பொறுமை. நடுத்தர பாரம், மூன்று விநாடி இறக்கி மூன்று விநாடி ஏற்றுவது, வாரம் மூன்று நாள். தசைநாணுக்கு அவசரம் பிடிக்காது, ஆனால் பாரத்தோடு மெதுவாகச் செய்யும் வேலை பிடிக்கும். பன்னிரண்டு வாரத்தில்தான் முதல் வித்தியாசம் தெரிந்தது. ஓய்வெடுத்தே சரியாக்கிவிடலாம் என்று படுத்திருந்த மாதங்கள் வீண்.

இப்போது எனக்கு 46. இன்னும் ஜிம்முக்குப் போகிறேன், டெட்லிஃப்ட் 120 கிலோவுக்கு மேல் போவதில்லை. போன மாதம் ஒரு பையன் வந்தான், 19 வயது இருக்கும். "அண்ணா, தோள்பட்டை வலிக்குது. டெக்கா போட்டா ஜாயின்ட் வலி போயிடுமாமே?"

"போயிடும்" என்றேன். "எங்க வலிக்குது, காட்டு."

தோளின் முன்பக்கம் விரல் வைத்தான். பெஞ்சில் பாரை நெஞ்சில் இடித்து எழுப்புகிறவன், போன மாதமே கவனித்திருந்தேன். ஒரு மாதம் பாரம் குறைத்து மெதுவாகச் செய்து பார் என்றேன். எதையும் போடுவதற்கு முன்னால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு வா என்றேன்.

பத்து நாள் கழித்துத் தாளோடு வந்தான். டெஸ்டோஸ்டிரோன் 640. எல்எச் 4.2. எஸ்ட்ரடயால் 26.

"இது நல்லாத்தானேண்ணா இருக்கு?"

"நல்லா இருக்கு."

"இதுக்கு மேல ஏத்தணும்னா?"

என் பையிலிருந்து பழைய தாளை எடுத்து அவன் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். மடித்து மடித்து மடிப்புகளில் எழுத்து அழிந்துபோயிருந்தது. 1500ஐப் பார்த்ததும் அவன் கண் விரிந்தது. அப்புறம் டாக்டர் வட்டமிட்ட இடத்தில் விரலை வைத்து, "இது என்னண்ணா, பாயின்ட் ஒண்ணு?" என்றான்.

பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டேன்.